ஒரே புரோகிராம், இரண்டு விடை

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்" என்று செயலாளர் சொன்னார். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேச எனக்கு இன்னும் வயது ஆகவில்லை. அதனால் தினமும் செய்கிற வேலையைப் பற்றியே பேசுகிறேன். கணக்குகள் செய்யும் ஒரு புரோகிராம் லைப்ரரியைப் பராமரிக்கும் குழுவில் நான் இருக்கிறேன். வர்க்கமூலம், மேட்ரிக்ஸ், வளைகோடு, வெட்டுப்புள்ளி என்று பலருக்கும் தேவைப்படுகிற கணக்குகளை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்தால் மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம் அல்லவா, அந்த மாதிரித் தொகுப்பு. எழுதி முடித்த பிறகு என்ன வேலை இருக்கிறது என்று உறவினர்கள் கேட்பதுண்டு. எழுதியது எல்லா மெஷினிலும், எல்லா கம்பைலரிலும் ஒரே விடை தருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. தராது. அதுதான் இன்றைய பேச்சு.

மாணவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயார் செய்கிறவர்களிடையே சுற்றும் கேள்வித்தாள்களில் ஒரு பழைய கேள்வி உண்டு. ஒரு ஃப்ளோட் மாறியில் 0.7 என்று போடுகிறோம். அடுத்த வரியில் அது 0.7-ஐ விடச் சின்னதா என்று கேட்கிறோம். என்ன விடை வரும்? 'ஆமாம், சின்னதுதான்' என்று வரும். நாங்கள் படிக்கும்போது இந்த விடையை மனப்பாடம் செய்துகொண்டு போனவர்கள்தான் அதிகம். காரணம் எளிது. நம் பத்தின் அடிமானத்தில் மூன்றில் ஒன்று எப்படி 0.333 என்று முடியாமல் போகிறதோ, அதே மாதிரி கம்ப்யூட்டரின் இரண்டின் அடிமானத்தில் 0.7 முடியாது. எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். ஃப்ளோட் என்றால் 24 பிட்டில் வெட்டுவார்கள், அப்போது அது 0.69999998 சொச்சம் ஆகிவிடும். டபுள் என்றால் 53 பிட், நம் கணக்கில் கிட்டத்தட்ட 16 இலக்கம். இரண்டையும் ஒப்பிட்டால் முதலாவது சின்னது. பிளஸ் டூவில் கிளார்க்ஸ் டேபிள் வைத்து லாகரிதம் போட்டவர்களுக்குக் கடைசி இலக்கம் ஒன்று முன்னே பின்னே போவது புதிய விஷயமில்லை. இந்த வகை எண்களைத்தான் ஃப்ளோட்டிங் பாயின்ட், தமிழில் மிதவைப் புள்ளி எண்கள், என்கிறோம்.

இந்த வெட்டும் வேலையை ஒவ்வொரு கம்பெனியும் ஒரு காலத்தில் தன் இஷ்டத்துக்குச் செய்துகொண்டிருந்தது. 1985-இல் ஐஈஈஈ 754 என்ற தரம் வந்து அதை ஒழுங்குபடுத்தியது. அதில் பெரும் பங்கு வகித்த பேராசிரியர் வில்லியம் கஹானுக்கு 1989-இல் டியூரிங் விருது கிடைத்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்துக்கும் அந்தத் தரம் சொல்வது ஒன்றுதான்: முதலில் துல்லியமான விடையைக் கண்டுபிடித்தது போல வைத்துக்கொள், பிறகு அதற்கு மிக நெருக்கமான எண்ணுக்கு ரவுண்ட் செய். இதில் குழப்பத்துக்கே இடமில்லை. அப்படியானால் இரண்டு விடை எங்கிருந்து வருகிறது?

நாம் எழுதியதற்கும் மெஷின் செய்வதற்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் கம்பைலர். எந்த இடைவிடையை எங்கே வைத்துக்கொள்வது, எந்த இரண்டு செயலைச் சேர்த்துச் செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதெல்லாம் அவர் கையில்.

பழைய இன்டெல் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-இல் வந்த 8087 வழியில் வந்த கணக்கு யூனிட்டில் ரிஜிஸ்டர்கள் 80 பிட் அகலம், அதில் எண்ணின் இலக்கங்களுக்கு மட்டும் 64 பிட். நாம் கேட்டதோ 53. கணக்கு ரிஜிஸ்டரில் இருக்கும்வரை கூடுதல் துல்லியம், மெமரிக்குப் போகும்போது மறுபடி ஒரு ரவுண்ட். அதிகத் துல்லியம் நல்லதுதானே என்று தோன்றும். கையால் போட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டியது மூன்று இலக்கம், துல்லியமான விடை 1.2348. நேராக ரவுண்ட் செய்தால் 1.23. முதலில் நான்கு இலக்கத்துக்கு ரவுண்ட் செய்து 1.235 ஆக்கி, பிறகு மூன்றுக்கு வந்தால் 1.24. இரண்டு தடவை ரவுண்ட் செய்ததில் விடை மாறிவிட்டது.

இதைவிடத் தொல்லை, எது ரிஜிஸ்டரில் தங்கும், எது மெமரிக்குப் போகும் என்பது கம்பைலரின் அன்றைய முடிவு. ஒரு மாறியைக் கணக்கிட்டு, அடுத்த வரியில் அதே கணக்கை மறுபடி செய்து ஒப்பிட்டால் இரண்டும் சமமில்லை என்று வரலாம். என்ன நடக்கிறது என்று பார்க்க நடுவில் ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்தால் அந்த மாறி மெமரிக்குப் போய்விடும், தவறு மறைந்துவிடும். டாக்டர் வீட்டு வாசலில் பல்வலி காணாமல் போகிற மாதிரி! ஜிசிசி கம்பைலரின் பிழைப் பதிவேட்டில் 323 என்று ஒரு எண் உண்டு. 2000-இல் பதிவானது. அதற்குப் பின் எத்தனையோ பேர் இதே விஷயத்தைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துப் புகார் எழுதி, அந்த 323-உடன் சேர்க்கப்பட்டார்கள்.

கடைசி இலக்கம்தானே, போனால் போகட்டும் என்று சொல்வோருக்காக ஒன்று சொல்கிறேன். 2011 ஜனவரியில் பிஎச்பி மொழியில் ஒரு கோளாறு வெளியே வந்தது. 2.2250738585072011 பெருக்கல் பத்தின் மைனஸ் 308-ஆவது அடுக்கு என்ற ஒரு எண்ணை எழுத்திலிருந்து எண்ணாக மாற்றச் சொன்னால், 32 பிட் இன்டெல் கட்டுமானங்களில் புரோகிராம் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு லூப், தோராயமான விடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போகும். திருத்தம் போதும் என்றதும் நிற்க வேண்டும். அந்த 80 பிட் ரிஜிஸ்டரில் கணக்கு நடந்ததால் போதும் என்ற நிலை வரவே இல்லை. ஒரு வெப்சைட்டின் படிவத்தில் யாராவது இந்த ஒரு எண்ணைத் தட்டினால் போதும், சர்வர் அங்கேயே மாட்டிக்கொள்ளும். திருத்தம் என்ன தெரியுமா? மாறிகளை அறிவிக்கும் இடத்தில் 'வாலட்டைல்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் மெமரிக்குப் போய் வா என்று கம்பைலருக்குக் கட்டளை. அவ்வளவுதான்.

இந்த மாதிரிப் பேச்சில் வழக்கமாக 1991-இன் பேட்ரியாட் ஏவுகணைக் கதையையும் 1994-இன் பென்டியம் வகுத்தல் பிழையையும் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் முதலாவதில் 0.1 என்ற எண்ணை வெட்டி வைத்ததில் தவறு, இரண்டாவதில் சிப்பிலேயே தவறு. கம்பைலரை அதில் இழுப்பது நியாயமில்லை.

நம் துறையின் பெரியவர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள். லாபேக் என்ற மேட்ரிக்ஸ் லைப்ரரி 1992-இல் வெளிவந்தது. இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. மெஷினின் துல்லியம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க அதில் ஒரு ரொட்டீன் உண்டு. அதன் பழைய வடிவத்துக்குள், இரண்டு எண்களைக் கூட்டுவதற்கு மட்டும் ஒரு தனி ஃபங்ஷன் எழுதியிருப்பார்கள். கூட்டுவதற்கு ஒரு ஃபங்ஷனா என்று சிரிக்கத் தோன்றும். இரண்டு எண்களும் ரிஜிஸ்டரில் தங்கிவிடாமல் மெமரிக்குப் போய் வர வேண்டும் என்பதற்காகவே அது. போதாததற்கு, அந்த ஃபைலை மட்டும் ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள் என்று ஏற்பாடும் செய்திருந்தார்கள்.

64 பிட் மெஷின்கள் வந்து, டபுள் கணக்குகளை எஸ்எஸ்இ-2 என்ற புதிய யூனிட் செய்ய ஆரம்பித்ததும் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்தது. பல வருடம் நிம்மதியாக இருந்தோம். அடுத்தது வேறு வாசல் வழியாக வந்தது.

எங்கள் லைப்ரரியில் ஒரு சின்ன ரொட்டீன். ஒரு வட்டம், ஒரு நேர்கோடு. கோடு வட்டத்தை எங்கே வெட்டுகிறது என்று சொல்ல வேண்டும். வட்டத்தின் ஆரம் அ, மையத்திலிருந்து கோட்டுக்கு உள்ள தூரம் ஆ என்றால், அ-வின் வர்க்கத்திலிருந்து ஆ-வின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் நாணின் பாதி நீளம். எட்டாம் வகுப்புப் பிதாகரஸ். கோடு வட்டத்தைத் தொட்டு மட்டும் போனால் அ-வும் ஆ-வும் சமம், விடை பூஜ்யம். இதைப் பயன்படுத்துகிறவர்களில் சிஎன்சி மில்லிங் மெஷினுக்கு வெட்டுப்பாதை போடும் மென்பொருள்காரர்களும் உண்டு. மெக்கானிக்கல் அண்ணன்மார்களுக்குத் தெரியும், தொடுகோடு அங்கே அன்றாட விஷயம். பல ஆண்டுகள் ஒரு புகாரும் இல்லாமல் ஓடிய ரொட்டீன் அது. ஆர்ம் சிப் உள்ள சர்வர்களுக்கு லைப்ரரியைக் கொண்டுபோனோம். தொடுகோட்டுக்கான டெஸ்ட் விழுந்தது. பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 'நான்' வந்தது. 'நாட் எ நம்பர்' என்பதன் சுருக்கம், 'இது எண்ணே இல்லை' என்று பொருள். அது ஒரு கணக்குக்குள் நுழைந்தால் அதற்குப் பின் வரும் எல்லாவற்றையும் நானாக்கிவிடும். வெட்டுப்பாதையில் ஒரு புள்ளி இப்படி ஆனால் அந்த வேலை முழுதும் நின்றுவிடும்.

ஒரே சோர்ஸ், ஒரு எழுத்து மாறவில்லை. காரணம் எஃப்எம்ஏ என்று ஒரு கட்டளை. ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்துச் செய்து கடைசியில் ஒரே ஒரு தடவை ரவுண்ட் செய்யும். ஐபிஎம் 1990-இலேயே தன் மெஷினில் வைத்தது. ஐஈஈஈ தரத்தில் 2008-இல் சேர்ந்தது. இன்டெல்லின் சாதாரண சிப்களில் 2013-இல் வந்தாலும், பழைய சிப்பிலும் ஓட வேண்டும் என்பதால் நாமாகக் கேட்டால் ஒழிய கம்பைலர் அதைப் பயன்படுத்தாது. 64 பிட் ஆர்மில் அது அடிப்படைக் கட்டளைகளிலேயே இருக்கிறது, அதனால் ஜிசிசி கேட்காமலேயே பயன்படுத்தும். க்ளாங் கம்பைலரும் 2022-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து ஒரே கோவைக்குள் இப்படிச் சேர்க்கிறது.

மறுபடி மூன்று இலக்கக் கணக்கு. பேனா இருந்தால் பத்திரிகையின் ஓரத்தில் போட்டுப் பார்க்கலாம். அ = ஆ = 1.34. வர்க்கம் 1.7956. மூன்று இலக்கத்துக்கு ரவுண்ட் செய்தால் 1.80. பழைய முறையில் 1.80-இலிருந்து 1.80 போனால் பூஜ்யம், சந்தோஷம். எஃப்எம்ஏ வந்தால், ஒரு பெருக்கலை முதலில் செய்து ரவுண்ட் செய்து 1.80 என்று வைத்துக்கொள்ளும். இன்னொரு பெருக்கலை ரவுண்ட் செய்யாமல் 1.7956 என்றே எடுத்துக் கழிக்கும். விடை மைனஸ் 0.0044. அதற்கு வர்க்கமூலம் எடுக்கச் சொன்னால் 'நான்' வராமல் என்ன வரும்? எந்தப் பெருக்கலை ரவுண்ட் செய்வது, எதை விடுவது என்பதும் கம்பைலர் விருப்பம். மாற்றிச் செய்யும் கம்பைலரில் பிளஸ் 0.0044 வரும், வர்க்கமூலம் 0.066. ஆக ஒரே வரிக்கு மூன்று விடை: பூஜ்யம், 0.066, 'நான்'.

இந்தக் கட்டத்தில் குழுவில் இரண்டு யோசனைகள் வந்தன. "மைனஸ் வந்தால் பூஜ்யம் ஆக்கிடலாமே" என்றார் ஒருவர். "டெஸ்டில் அனுமதிக்கிற வித்தியாசத்தைக் கூட்டிடுங்க, பாஸ் ஆயிடும்" என்றார் இன்னொருவர். இரண்டாவது யோசனை எல்லா அலுவலகத்திலும் வரும், ஏனென்றால் அது ஐந்து நிமிட வேலை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசி இலக்கத்து வித்தியாசம் என்றால் பத்தின் மைனஸ் 16-ஆவது அடுக்கு அளவுதான். ஆனால் அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் அது மைனஸ் 8-ஆவது அடுக்கு ஆகிவிடுகிறது. 16 இலக்கத்தில் 8 இலக்கம் போச்சு. அதற்குத் தகுந்தாற்போல் டெஸ்டைத் தளர்த்தினால், நாளைக்கு உண்மையான தவறு ஒன்று ஒன்பதாவது இலக்கத்தில் வந்தாலும் அந்த டெஸ்ட் வாயைத் திறக்காது. முதல் யோசனை பாதி நோய்க்கு மருந்து. பிளஸ் பக்கம் விழும் கம்பைலரில் தொடுகோடு இரண்டு இடத்தில் வெட்டுவதாகவே வந்துகொண்டிருக்கும்.

கம்பைலர்மேல் புகார் கொடுக்கலாமா? முடியாது. சி மொழியின் தரமே இப்படிச் சேர்த்துச் செய்ய அனுமதிக்கிறது. எஃப்எம்ஏயை லைப்ரரி முழுக்க அணைத்துவிடலாமா? அதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. நீளமான கூட்டுத்தொகைகளில் அது வேகமும் தருகிறது, பொதுவாகத் துல்லியமும் தருகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த மைனஸ் 0.0044 இருக்கிறதே, அது பெருக்கலை ரவுண்ட் செய்ததில் விட்டுப்போன துண்டு, ஒரு இலக்கம் பிசகாமல். அதிகத் துல்லியம் தேவைப்படும் வேறு ரொட்டீன்களில் அந்தத் துண்டைப் பிடிக்கவே நாங்கள் எஃப்எம்ஏயைத் தேடிப் போகிறோம்.

தீர்வு எட்டாம் வகுப்பிலேயே இருக்கிறது. (அ − ஆ) × (அ + ஆ) என்று எழுதுங்கள். இரண்டும் சமம் என்றால் முதல் அடைப்புக்குறி அப்பட்டமான பூஜ்யம். இரண்டும் மிக நெருங்கியிருந்தாலும் அந்தக் கழித்தலில் ரவுண்டே நடக்காது, துல்லியமான வித்தியாசம் கிடைக்கும். பெருக்கலுக்குப் பின் கூட்டல் இல்லாததால் கம்பைலருக்குச் சேர்ப்பதற்கும் ஒன்றுமில்லை. எல்லாக் கம்பைலரிலும் ஒரே விடை. அதுவும் பழைய விடையைவிட நல்ல விடை. டெஸ்டைத் தளர்த்துவதற்குப் பதிலாக இன்னும் இறுக்கினோம்.

எல்லா இடத்திலும் இப்படி எழுதி மாற்ற முடியாது. ஒரு கலப்பெண்ணை அதன் இணை எண்ணால் பெருக்கினால் கற்பனைப் பகுதி பூஜ்யமாக வேண்டும், எஃப்எம்ஏ வந்தால் அதே காரணத்தால் ஒரு துளி மிஞ்சும். அங்கே அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் சேர்க்காதே என்று ஆப்ஷன் கொடுத்து, ஏன் கொடுத்தோம் என்று பக்கத்திலேயே நான்கு வரி எழுதி வைத்தோம். எழுதி வைக்காவிட்டால் அடுத்த வருடம் சுறுசுறுப்பான ஒரு தம்பி வந்து, தேவையில்லாத ஆப்ஷன் என்று எடுத்துவிடுவார்.

இன்னொரு எதிரி 'ஃபாஸ்ட் மேத்' என்ற ஆப்ஷன். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பள்ளிக்கூட அல்ஜீப்ரா விதிகள் எல்லாம் இங்கேயும் செல்லும் என்று கம்பைலருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம் அது. கஹான் 1965-இல் கூட்டலுக்கு ஒரு வழி சொன்னார். மெஸ் கணக்கு எழுதுகிறவர் ரூபாயை மட்டும் நோட்டில் ஏற்றி, விட்டுப்போன சில்லறையை ஒரு டப்பாவில் போட்டு வைத்து அடுத்த கூட்டலில் சேர்த்துக்கொள்கிற மாதிரி. சில்லறையைக் கண்டுபிடிக்கும் வரி, அல்ஜீப்ராவில் பார்த்தால் எப்போதும் பூஜ்யம். ரவுண்ட் நடக்கிற உலகத்தில்தான் அதற்கு உயிர். ஃபாஸ்ட் மேத் போட்ட கம்பைலர் அதைப் பூஜ்யம் என்றே சுருக்கி, டப்பாவையே தூக்கிப் போட்டுவிடும். 'இந்த எண் நானா?' என்று சோதிக்கும் வரியும் போய்விடும், நான் வரவே வராது என்று உத்தரவாதம் கொடுத்துவிட்டோமே!

இதில் அக்கம்பக்கத்துத் தொல்லையும் உண்டு. ஜிசிசியில் இந்த ஆப்ஷனோடு ஒரு ஷேர்டு லைப்ரரியைக் கட்டினால், அதை ஏற்றிய மாத்திரத்தில் மிகச் சிறிய எண்களை எல்லாம் பூஜ்யமாக்கும்படி சிப்பின் ஸ்விட்சை மாற்றிவிடும். பாதிக்கப்படுவது அந்த லைப்ரரி மட்டுமல்ல, அதே புரோகிராமில் இருக்கும் எல்லாருடைய கணக்கும். 2022-இல் பைத்தான் பேக்கேஜ்கள் சிலவற்றில் இது இருப்பது வெளிச்சத்துக்கு வந்து, 2023-இன் ஜிசிசி 13-ஆம் பதிப்பில் நிறுத்தினார்கள். பழைய கம்பைலர் வைத்திருப்பவர்களுக்கு இன்றும் உண்டு. ஃபாஸ்ட் மேத் போட்டிருந்தால் ஜிசிசியும் க்ளாங்கும் ஒரு அடையாளத்தை வைக்கும். அதைப் பார்த்தால் எங்கள் லைப்ரரி கம்பைல் ஆக மறுத்துவிடும். காரணத்தையும் எழுதிக் காட்டும். இதற்காகத் திட்டிக் கடிதம் எழுதியவர்கள் உண்டு.

இன்னும் உண்டு. சைன், எக்ஸ்பொனென்ஷியல் போன்ற சார்புகளுக்குக் கடைசி இலக்கம் வரை சரியாக இருக்க வேண்டும் என்று தரம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் உள்ளே ஒரு நிலையான எண்ணைக் கொடுத்தால் ஜிசிசி தானே கம்பைல் செய்யும்போதே மிகத் துல்லியமாகக் கணக்கிட்டு எழுதிவிடும். மாறியைக் கொடுத்தால் ஓடும்போது கணிதத் தொகுப்பு கணக்கிடும். ஒரே புரோகிராமுக்குள் ஒரே சைன், கடைசி பிட்டில் இரண்டு விடை தரக்கூடும். 'லாங் டபுள்' கதை அதைவிட மோசம். இன்டெல் லினக்ஸில் 80 பிட், ஆர்ம் லினக்ஸில் 128 பிட், மைக்ரோசாஃப்ட் கம்பைலரிலும் ஆப்பிளின் ஆர்ம் மேக்கிலும் சாதாரண டபுளேதான். நான் அதைத் தொடுவதில்லை.

மாணவர்கள் கேட்பீர்கள், இப்படி ஒரு டெஸ்ட் விழுந்தால் எங்கே ஆரம்பிப்பது என்று. விடையைப் பத்தின் அடிமானத்தில் ஆறு இலக்கம் பிரிண்ட் செய்து பார்க்காதீர்கள், எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். பிட் அமைப்பை அப்படியே ஹெக்ஸில் பாருங்கள். இரண்டு மெஷினையும் பக்கத்தில் வைத்து, முதன்முதலில் எந்த வரியில் பிட் மாறுகிறது என்று பிடியுங்கள். பெரும்பாலும் தவறு தெரிகிற இடம் ஒன்று, ஆரம்பித்த இடம் வேறு. அந்த வரியை மட்டும் பத்து வரிப் புரோகிராமாகப் பிரித்தெடுத்து, கம்பைலர் தந்த அசெம்பிளியைப் படியுங்கள். பிறகு ஐம்பது இலக்கத்தில் கணக்குப் போடும் கருவி ஒன்றில் உண்மையான விடையைக் கண்டுபிடியுங்கள். இதை நிறையப் பேர் செய்வதில்லை. பழைய மெஷின் தந்த விடைதான் சரி என்று வைத்துக்கொண்டு புதிய மெஷினை அதற்கு இழுப்பார்கள். பல தடவை புதியதுதான் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். இரண்டாம் ஆண்டில் நியூமரிக்கல் மெத்தட்ஸ் பேப்பரைப் பாஸ் மார்க் வாங்கினால் போதும் என்று தள்ளிவைப்பவர்கள், அதில் பிழை பற்றிய முதல் அத்தியாயத்தை மட்டுமாவது தள்ளிவைக்க வேண்டாம். என் சம்பளம் அந்த அத்தியாயத்திலிருந்துதான் வருகிறது.

அந்த வட்டம், கோடு ரொட்டீனின் திருத்தம் வெளியானபோது, மாற்றப் பட்டியலில் அதற்கு ஒரு வரிதான் இடம் கிடைத்தது: 'தொடுகோட்டுக்கு எல்லா மெஷின்களிலும் பூஜ்யம்.' வெட்டுப்பாதை மென்பொருள்காரர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தொடுகோட்டைச் சமாளிக்க அவர்கள் தங்கள் பக்கம் எழுதி வைத்திருந்த நாற்பது வரியை இனி எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். எடுத்துவிடலாம் என்று பதில் எழுதினேன். ஆனால் அந்த நாற்பது வரிக்காக எழுதிய டெஸ்டுகளை மட்டும் எடுக்க வேண்டாம், முடிந்தால் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள் என்றும் கேட்டேன். அனுப்பினார்கள். பதினோரு டெஸ்டுகள். இப்போது எங்கள் பக்கத்திலும் தினம் ராத்திரி ஓடுகின்றன.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆர்ம் போர்டு ஒன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். 1.34 கணக்கை டபுளில் ஓட்டிப் பார்க்க விரும்பும் தம்பி தங்கைகள் தேநீர் இடைவேளையில் கம்ப்யூட்டர் லேபுக்கு வாருங்கள், இரண்டு கம்பைலரிலும் போட்டுக் காட்டுகிறேன்.